நூறு ஆட்டம் போதாது: ஒரு சின்ன செஸ் எஞ்சினைச் சோதித்த மூன்று வாரம்

“அண்ணா, புது வெர்ஷன் பழசை 55-45 ஜெயிச்சிடுச்சு. கணக்குப் போட்டா 35 எலோ வருது!”

தம்பியிடமிருந்து இந்த மெசேஜ் வந்தபோது இரவு பதினொரு மணி. கூடப் பிறந்த தம்பி இல்லை. நண்பரின் மைத்துனர், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார், ஒரு வருடமாகத் தனியாக உட்கார்ந்து சி பிளஸ் பிளஸில் ஒரு செஸ் எஞ்சின், அதாவது தானே செஸ் ஆடும் நிரல், எழுதிக்கொண்டிருக்கிறார். நான் எஞ்சின் எழுதுகிறவன் இல்லை. எஞ்சின்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, ஆட்டங்களைச் சேர்த்து வைத்து, எது எவ்வளவு பலம் என்று பார்ப்பதுதான் பல வருடமாக என் பொழுதுபோக்கு. அந்தப் பலத்தை அளக்கும் எண்தான் எலோ. அதனால்தான் என்னிடம் சொன்னார். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் “நூறு ஆட்டத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி, ரெண்டு வெர்ஷனையும் அனுப்புங்க, ஆட்ட ஃபைலையும் சேர்த்து அனுப்புங்க” என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக எஞ்சின் எழுதுகிறவர்களுக்கும், என்னைப் போல வெறுமனே சோதித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் அந்த 35. நூறில் 55 புள்ளி என்றால் சூத்திரப்படி 35 எலோ வித்தியாசம், அவர் கணக்கில் தப்பில்லை. ஆனால் நூறு ஆட்டத்தில் நாற்பது டிரா என்று வைத்துக்கொண்டால், 95 சதவீத நம்பிக்கைக்கு இரண்டு பக்கமும் சுமார் 53 எலோ பிழை வரம்பு வைக்க வேண்டும். அதாவது உண்மையான வித்தியாசம் மைனஸ் 18 ஆகவும் இருக்கலாம், பிளஸ் 88 ஆகவும் இருக்கலாம். புது வெர்ஷன் பழசைவிட மோசமாகக்கூட இருக்கலாம் என்பதை அந்த 55-45 மறுக்கவே இல்லை. ஆட்டங்களை நூறு மடங்காக்கினால்தான் பிழை பத்தில் ஒன்றாகக் குறையும். ஆயிரம் ஆட்டத்தில் சுமார் 17, பத்தாயிரத்தில் சுமார் 5. ஐந்து எலோ முன்னேற்றத்தை நிரூபிக்க ஆசைப்படுகிறவர் பத்தாயிரம் ஆட்டத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது கேட்கும்போது அநியாயமாகத்தான் தோன்றும், ஆனால் வேறு வழி கிடையாது.

மறுநாள் காலை ஃபைல்கள் வந்தன. எஞ்சின்களை ஓடவிடுவதற்கு முன்னால் அவர் ஏற்கெனவே ஆடவிட்ட நூறு ஆட்டங்களைத் திறந்து, நகர்வுகளை மட்டும் தனியே எடுத்து அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். இதை எப்போதும் முதலில் செய்துவிடுவேன், ஐந்து நிமிட வேலைதான். நூறில் 61 ஆட்டங்கள் மட்டுமே வேறு வேறு. மீதியெல்லாம் முதல் நகர்விலிருந்து மேட் வரை அச்சு அசல் பிரதிகள். காரணம் எளிது, ஓப்பனிங் ஃபைல் (ஆட்டத்தைத் தொடங்க வெவ்வேறு ஆரம்ப நிலைகள் கொண்டது) எதுவும் கொடுக்காமல் எல்லா ஆட்டத்தையும் தொடக்க நிலையிலிருந்தே ஆடவிட்டிருக்கிறார். எஞ்சின் மனிதனைப் போல மனநிலை மாறி ஆடாது. அதே நிலை, கிட்டத்தட்ட அதே நேரம் கொடுத்தால் பெரும்பாலும் அதே நகர்வைத்தான் தரும். ஆக அவருடைய நூறு ஆட்டம் உண்மையில் நூறுகூட இல்லை.

சரி, புதிதாக ஆரம்பிப்போம் என்று, எஞ்சின்களை மோதவிடும் கியூட்செஸ் நிரலின் கமாண்ட் லைன் வடிவத்தை எடுத்தேன். பெரிய ஜன்னல், அழகான பலகை எல்லாம் வேண்டுமென்றால் அரீனா மாதிரியான நிரல்கள் உண்டு, பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஆயிரக்கணக்கில் வேகமான ஆட்டம் ஓட்டப் பலகை வரைவது வீண் சுமை. ஓப்பனிங்குக்கு, இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் எட்டு நகர்வு நிலைகள் சில ஆயிரம் கொண்ட ஒரு ஃபைலைக் கொடுத்து, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு ஆட்டம், இரண்டாவதில் நிறம் மாற்றி என்று வைத்தேன். நிறம் மாற்றுவது ரொம்ப முக்கியம். ஓப்பனிங்கில் வெள்ளைக்குக் கொஞ்சம் சாதகம் இருந்தால் அது இரண்டு எஞ்சினுக்கும் ஒரு தடவை கிடைத்துவிடும்.

மேல்மட்ட எஞ்சின்களைச் சோதிப்பவர்கள் இந்த இடத்தில் வேறு மாதிரி செய்வார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின்களைச் சமமான ஓப்பனிங்கில் மோதவிட்டால் ஏறக்குறைய எல்லாமே டிரா ஆகிவிடும், இரண்டு எஞ்சினுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் அந்த டிராக் குவியலுக்குள் மறைந்துபோகும். அதனால் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த ஓப்பனிங்குகளைக் கொடுப்பார்கள். ஸ்டெஃபான் போல் என்பவர் தொகுத்த அன்பேலன்ஸ்டு ஹ்யூமன் ஓப்பனிங்ஸ் என்ற தொகுப்பு இதற்காகவே உருவானது. சாதகமான பக்கம் கிடைக்கும்போது ஜெயிக்க வேண்டும், பாதகமான பக்கம் கிடைக்கும்போது டிராவைப் பிடிக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து ஜோடியாகத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 2010-இல் மார்ட்டின் தோரெசன் ஆரம்பித்த டிசிஇசி என்ற எஞ்சின் போட்டியில் ஆட்டங்களை நேரலையில் பார்த்திருப்பவர்களுக்கு, ஒரே ஓப்பனிங்கை இரண்டு எஞ்சினும் மாறி மாறி ஆடுவது ஏன் என்று இப்போது புரியும். தம்பியின் எஞ்சினுக்கு இது தேவையில்லை. இந்த மட்டத்தில் எந்த ஓப்பனிங்கிலிருந்தும் யாராவது ஒருவர் எங்காவது ஒரு காயை விட்டுவிடுவார்.

என் கணினியில் நான்கு கோர், எட்டு திரெட். எட்டு இருக்கிறதே என்று எட்டு ஆட்டத்தை ஒரே நேரத்தில் ஓடவிடக் கூடாது. எதிராளி யோசிக்கும்போது தானும் யோசிக்கும் பாண்டர் வசதியை நிறுத்தி வைத்தால் ஒரு ஆட்டத்துக்கு எந்நேரமும் ஒரு எஞ்சின்தான் வேலை செய்யும், அதாவது ஒரு ஆட்டத்துக்கு ஒரு கோர். நான்கு கோரில் ஒன்றைக் கணினியின் சொந்த வேலைக்கு விட்டுவிட்டு மூன்று ஆட்டம் மட்டும். நேரம் ஒவ்வொருவருக்கும் 10 விநாடி, நகர்வுக்கு 0.1 விநாடி கூடுதல். ஒரு ஆட்டம் சராசரியாக அரை நிமிடம். 4,000 ஆட்டத்துக்குச் சுமார் 11 மணி நேரம். இரவு படுக்கும்போது போட்டால் காலை சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

முடியவில்லை. காலையில் பார்த்தால் முதல் 500 ஆட்டத்திலேயே 23 ஆட்டம் நேரம் முடிந்து தோற்றவை, பழசும் புதுசும் இரண்டுமே. அதில் பல, ஒரு குதிரை கூடுதலாக வைத்துக்கொண்டு ஜெயிக்க வேண்டிய நிலைகள். நிறுத்திவிட்டு லாக் ஃபைலைத் திறந்து, நேரத்தில் தோற்ற ஒரு ஆட்டத்தின் கடைசி நகர்வை எடுத்துக்கொண்டேன். கடிகாரத்தில் மீதி 118 மில்லி விநாடி. தம்பியின் எஞ்சின் ஒரு நகர்வுக்கு எவ்வளவு நேரம் எடுப்பது என்று முடிவு செய்யும் சூத்திரம், மீதி நேரத்தை முப்பதால் வகுத்து அதோடு கூடுதல் நேரத்தைச் சேர்ப்பது. 118-ஐ முப்பதால் வகுத்தால் கிட்டத்தட்ட 4, அதோடு 100, ஆக 104. மிச்சம் இருப்பது 14 மில்லி விநாடி. இதற்குள் எஞ்சின் யோசிப்பதை நிறுத்தி, நகர்வை எழுத்தாக அச்சிட்டு, இயங்குதளம் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கியூட்செஸ்ஸிடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான நேரம் நடந்துவிடும். வேறு ஏதோ ஒரு நிரல் ஒரு கணம் கண் விழித்தால் நடக்காது. இதைவிட முக்கியமான விஷயம், இந்தச் சூத்திரம் ஒவ்வொரு நகர்விலும் கூடுதல் நேரம் முழுவதையும் செலவழித்து, கையிருப்பிலிருந்தும் கொஞ்சம் எடுக்கிறது. நீண்ட ஆட்டத்தில் கையிருப்பு தேய்ந்து தேய்ந்து இந்தக் கடைசி விளிம்புக்குத்தான் வந்து நிற்கும், வேறு எங்கும் போக முடியாது.

தம்பிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அன்று சாயங்காலமே, எந்த நகர்வுக்கும் மீதி நேரத்தில் 50 மில்லி விநாடியைத் தொடாமல் வைப்பது என்று மாற்றி அனுப்பினார். ஸ்டாக்ஃபிஷிலேயே மூவ் ஓவர்ஹெட் என்று இதற்கென ஓர் அமைப்பு இருக்கிறது, இயல்பாக 10 மில்லி விநாடி. ஸ்டாக்ஃபிஷுக்கே தேவைப்படுவது நமக்கும் தேவைப்படும் என்று சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இங்கே வெயிலைப் பற்றியும் ஒன்று. மே மாதம், என் அறையில் ஏசி கிடையாது. எஞ்சின் விநாடிக்கு எத்தனை நிலை பார்க்கிறது என்பதை ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை குறித்து வைத்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு 21 லட்சம், மதியம் மூன்று மணிக்கு 16 லட்சம். பிராசஸர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இரண்டு எஞ்சினும் ஒரே கணினியில் மோதுவதால் பாதிப்பு இருவருக்கும் சமம்தான், முடிவு தலைகீழாக மாறிவிடாது. ஆனால் பகல் ஆட்டங்கள் இரவு ஆட்டங்களைவிடக் குறைந்த நேரத்தில் ஆடப்பட்டவை போல ஆகிவிடுகின்றன, ஒரே சோதனை இரண்டு சோதனையாகப் பிரிந்துவிடுகிறது. பிராசஸரின் உச்ச வேகத்தை நானே கீழே இறக்கிப் பூட்டி வைத்தேன். மெதுவாக ஓடினாலும் நாள் முழுவதும் ஒரே சீராக ஓடட்டும் என்று. கரண்ட் போய் ஒரு ராத்திரி சோதனை பாதியில் நின்ற பிறகு, 500 ஆட்டத்துக்கு ஒரு ஃபைல் என்று துண்டு துண்டாக ஓட்டவும் பழகிக்கொண்டேன்.

நேரப் பிரச்சினை தீர்ந்ததும் இன்னொன்று தலைகாட்டியது. நூற்றுக்கு ஒரு ஆட்டம் போல, சட்டப்படி செல்லாத நகர்வு ஆடித் தோற்கிறது. இதற்கு ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, பெர்ஃப்ட் என்ற சோதனை இருக்கிறது. ஒரு நிலையிலிருந்து இத்தனை ஆழம் வரை எத்தனை நகர்வுத் தொடர்கள் உண்டு என்று எண்ணி, தெரிந்த விடையோடு ஒப்பிடுவது. தொடக்க நிலையிலிருந்து முதல் ஆழத்தில் 20, அப்புறம் 400, 8,902, 1,97,281, ஐந்தாவதில் 48,65,609. தம்பி இதையெல்லாம் எப்போதோ சரிபார்த்துவிட்டேன் என்றார், உண்மைதான், எல்லாம் சரியாக வந்தது. ஆனால் தொடக்க நிலையில் ஐந்து ஆழத்துக்குள் காஸ்லிங்கோ (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து நகர்வது), சிப்பாய் ராணியாவதோ நடக்கவே நடக்காது. அதனால் இந்தச் சோதனையில் பாஸ் ஆகிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கிவிபீட் என்று ஒரு நிலை உண்டு, காஸ்லிங், ஆன் பாஸான் என்ற சிப்பாய் வெட்டு, நகர்ந்தால் ராஜாவுக்கு ஆபத்து என்பதால் கட்டுண்டு நிற்கும் காய்கள் எல்லாவற்றையும் ஒரே பலகையில் திணித்து வைத்தது. அதில் ஓட்டினேன். 48, 2,039, 97,862 என்று மூன்று ஆழம் வரை சரி. நான்காவதில் 40,85,603 வர வேண்டும், கொஞ்சம் கூடுதலாக வந்தது.

கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, ஸ்டாக்ஃபிஷிலும் அதே பெர்ஃப்டை ஓட்டி, முதல் நகர்வு வாரியாக இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் வரும் நகர்வை ஆடி, அங்கிருந்து ஓர் ஆழம் குறைத்து மறுபடி, மறுபடி. இ5-இல் இருக்கும் வெள்ளைக் குதிரை எஃப்7-இல் சிப்பாயை எடுக்கிறது, கருப்பு ஏதோ ஆடுகிறது, குதிரை எச்8-இல் யானையை எடுக்கிறது, உடனே கருப்பு ராஜா அந்தப் பக்கமே காஸ்லிங் செய்கிறது, அங்கே யானையே இல்லாமல்! யானை நகர்ந்தால் காஸ்லிங் உரிமை போகும் என்று எழுதியவர், யானை வெட்டுப்பட்டாலும் உரிமை போகும் என்பதை எழுத மறந்திருக்கிறார். ஒரே வரித் திருத்தம். எஞ்சின் எழுதுகிறவர்களில் இந்தத் தவறைச் செய்யாதவர் குறைவு.

இனிதான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்த விஷயம். தம்பியின் இரண்டு வெர்ஷனைத் தங்களுக்குள் மோதவிடுவது ஒரு பக்கம், வெளியாட்களோடு மோதவிடுவது இன்னொரு பக்கம். இரண்டும் வேண்டும், தன்னோடு தானே ஆடினால் தன் குருட்டுத்தனம் தனக்குத் தெரியாது. ஸ்டாக்ஃபிஷோடு மோதவிட்டுப் பயனில்லை. ஆயிரம் எலோ இடைவெளி என்றால் முந்நூறு ஆட்டத்துக்கு ஒரு புள்ளிதான் எதிர்பார்க்க முடியும், அந்த ஒரு புள்ளியை வைத்து எதையும் அளக்க முடியாது. இருநூறு எலோவுக்குள் இருக்கும் எதிராளிகள் வேண்டும், அப்போதுதான் நூற்றுக்கு 24-இலிருந்து 76 வரைக்குள் புள்ளி விழும். டாம் கெரிகன் எழுதிய டிஎஸ்சிபி, முல்லர் எழுதிய மைக்ரோமேக்ஸ், இன்னும் ஆறு சின்ன எஞ்சின்கள். மைக்ரோமேக்ஸின் மூல நிரலை ஒரு தடவையாவது திறந்து பாருங்கள், முழு செஸ் எஞ்சினும் இரண்டாயிரம் எழுத்துகளுக்குள் அடங்கியிருக்கிறது.

அந்த ஆட்டங்களில் டிரா அளவுக்கு மீறி இருந்தது. டிரா ஆனவற்றில், யாரிடம் காய் கூடுதலாக இருக்கும்போது டிரா ஆனது என்று பிரித்துப் பார்த்தேன். தம்பியின் எஞ்சின் ஒரு யானை கூடுதலாக வைத்துக்கொண்டு டிரா செய்த ஆட்டங்கள் பத்துப் பதினைந்து இருந்தன. ஒன்றைத் திறந்தேன். வெள்ளை ராஜா ஜி6-இல், வெள்ளை யானை ஏ1-இல், கருப்பு ராஜா ஜி8-இல். வெள்ளை ஆட வேண்டும். யானை ஏ8-க்குப் போனால் மேட், செஸ் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் எந்தக் குழந்தையும் ஆடிவிடும்.

எஞ்சின் யானையை எஃப்1-க்கு நகர்த்தியது. கருப்பு ராஜாவுக்கு எச்8 தவிர வேறு கட்டமில்லை, போனது. இப்போது யானை எஃப்8-க்குப் போனால் மேட். எஞ்சின் யானையை மறுபடி ஏ1-க்குக் கொண்டுவந்தது. கருப்பு ராஜாவுக்கு ஜி8 தவிர வேறு கட்டமில்லை, திரும்பி வந்தது. அதே நிலை. மறுபடி எஃப்1, எச்8, ஏ1, ஜி8. மூன்றாவது தடவை அதே நிலை வந்ததும் கியூட்செஸ் டிரா என்று முடித்துவிட்டது. இந்த நகர்வுகளில் ஒவ்வொன்றின்போதும் எஞ்சின் லாகில் எழுதியிருந்த மதிப்பு ஒரே எண், 30,000. அதாவது, மேட் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தம்பியின் நிரலில் மேட் என்றால் 30,000, அவ்வளவுதான். இப்போதே மேட் ஆனாலும் 30,000, இரண்டு நகர்வு தள்ளி மேட் ஆனாலும் அதே 30,000. யானை எஃப்1-க்குப் போனால் எதிராளிக்கு ஒரே பதில்தான், அதற்கடுத்து மேட் நிச்சயம், ஆகவே எஞ்சினின் பார்வையில் ஏ8-உம் எஃப்1-உம் சரிசமம். சமமாக இருந்தால் முதலில் பார்த்த நகர்வு நிற்கும். முன்பு நல்ல பலன் கொடுத்த நகர்வுகளை முதலில் பார்ப்பது இந்த எஞ்சினின் வழக்கம், அந்த வரிசையில் எஃப்1 முன்னால் வந்திருக்கிறது. அடுத்த முறையும் அதே கதை. எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம் என்று தெரிந்திருப்பதால் எப்போதும் முடிக்காமலே இருக்கிறது.

அப்படியானால், ஒரே நிலை திரும்பத் திரும்ப வருகிறதே, டிரா ஆகிவிடும் என்று ஏன் தெரியவில்லை? அங்கே இரண்டாவது தவறு. எஞ்சினும் அதை ஆடவிடும் நிரலும் பேசிக்கொள்ளும் யூசிஐ முறையில் ஒவ்வொரு தடவையும் தொடக்க நிலையிலிருந்து அதுவரை ஆடிய எல்லா நகர்வுகளையும் எஞ்சினுக்கு அனுப்புவார்கள். தம்பியின் நிரல் அவற்றையெல்லாம் ஆடிப் பலகையைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தியது, ஆனால் நடுவில் கடந்து வந்த நிலைகளை நினைவுப் பட்டியலில் போடவில்லை. எஞ்சின் யோசித்துத் தேடும்போது வரும் திரும்பல்கள் தெரியும், உண்மையான ஆட்டத்தில் ஏற்கெனவே நடந்தவை தெரியாது. இந்த இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இப்படி வெட்டவெளிச்சமாக மாட்டியிருக்காது.

அன்று இரவே தம்பியிடம் பேசினேன். நிலையைச் சொல்லச் சொல்ல அவரும் தன் பலகையில் காய் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் போல, கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அண்ணா, இது ஆறு மாசமா இருக்கு அண்ணா” என்றார். திருத்தம் சின்னது. மேட் மதிப்பிலிருந்து, இப்போதைய நிலையிலிருந்து எத்தனை அரை நகர்வு (ஒரு பக்கம் ஒரு தடவை ஆடுவது) தள்ளி அது வருகிறதோ அதைக் கழித்துவிட வேண்டும். அடுத்த நகர்விலேயே மேட் என்றால் 29,999, அரை நகர்வுகள் மூன்று தள்ளி என்றால் 29,997. இப்போது கிட்டத்தில் இருக்கும் மேட்டுக்கு மதிப்பு அதிகம், எஞ்சின் தானாக அதை எடுக்கும். தோற்கும் பக்கத்துக்கும் இது உதவும், மேட்டை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடும். ஏற்கெனவே பார்த்த நிலைகளின் மதிப்பைச் சேர்த்து வைக்கும் ஹாஷ் டேபிளில் போடும்போதும் எடுக்கும்போதும் இந்தக் கழித்தலை அந்தந்த இடத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும், அதை மறந்தால் புதிதாக ஒரு குழப்பம் வரும் என்பதையும் சொன்னேன், அவர் அதையும் சரியாகவே செய்திருந்தார்.

எல்லாவற்றையும் திருத்தி, முதலில் கேட்ட கேள்விக்கே திரும்பினோம். அவர் புது வெர்ஷனில் செய்த மாற்றம் உண்மையில் எவ்வளவு? நேரம், காஸ்லிங் தவறுகளை மட்டும் இரண்டு வெர்ஷனிலும் திருத்தி 4,000 ஆட்டம். 2056-1944. சுமார் 10 எலோ, இரண்டு பக்கமும் 9 பிழை வரம்பு. முன்னேற்றம் இருக்கிறது, 35 இல்லை. அடுத்ததாக, மேட் திருத்தமும் நினைவுப் பட்டியல் திருத்தமும் சேர்ந்த வெர்ஷனை, சேராததோடு இன்னொரு 4,000. 2172-1828. சுமார் 30 எலோ. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, நிலைகளை மதிப்பிடும் பகுதியில் செய்த அந்தப் புது வெர்ஷன் மாற்றத்தைவிட, அந்த யானை நிலையில் கிடைத்த இரண்டு திருத்தம் மூன்று மடங்கு கொடுத்திருக்கிறது. ஆரம்ப நிலை எஞ்சின்களில் இது சகஜம், புத்திசாலித்தனம் சேர்ப்பதற்கு முன்னால் ஓட்டைகளை அடைப்பதில்தான் எலோ கொட்டிக் கிடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேறொருவரின் கண் வேண்டும். அதனால்தான் சோதிப்பவர்களின் நேரம் மேல்மட்ட எஞ்சின்களைவிட இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு அதிகம் தேவை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஸ்டாக்ஃபிஷின் வளர்ச்சியைப் பார்த்தாலும் சோதனைதான் முதுகெலும்பு. டோர்ட் ரோம்ஸ்டாடின் கிளாரங் எஞ்சினிலிருந்து 2008-இல் மார்க்கோ கோஸ்டால்பா பிரித்தெடுத்து ஆரம்பித்தது. 2013-இல் கேரி லின்ஸ்காட் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனை அமைப்பைக் கொண்டுவந்த பிறகு, உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் கணினிகளின் சும்மா இருக்கும் நேரத்தைக் கொடுத்து ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் ஆயிரக்கணக்கான ஆட்டத்தில் சோதிக்கிறார்கள். யார் எழுதினார், எவ்வளவு அழகான யோசனை என்பதெல்லாம் கணக்கில்லை, சோதனையில் தேறினால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. எஸ்பிஆர்டி என்ற முறையில், எத்தனை ஆட்டம் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், ஒவ்வொரு முடிவு வரும்போதும் எல்எல்ஆர் என்ற ஓர் எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போவார்கள். அது 2.94-ஐத் தொட்டால் மாற்றம் தேறியது, மைனஸ் 2.94-ஐத் தொட்டால் தேறவில்லை. மோசமான மாற்றம் சீக்கிரம் வெளியேறிவிடும், கணினி நேரம் மிச்சம்.

நம்மைப் போல ஒரே கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை இன்னும் அதிகம் பயன்படும், கியூட்செஸ்ஸிலேயே இருக்கிறது. இப்போது தம்பியின் மாற்றங்களை எல்லாம் இப்படித்தான் ஓட்டுகிறோம், 0 எலோவா 10 எலோவா என்ற கேள்வியோடு. ராஜா பாதுகாப்பில் அவர் ரொம்ப நம்பிக்கையோடு எழுதிய ஒரு மாற்றம் 2,600 ஆட்டத்தில் மைனஸ் 2.94-ஐத் தொட்டது. வருத்தப்பட்டார், ஆனால் வாதாடவில்லை, எடுத்துவிட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் நூறு ஆட்டம் ஓட்டி உள்ளே சேர்த்திருப்பார்.

அவருக்குப் பெரிய ஆசை, சிசிஆர்எல் பட்டியலில் தன் எஞ்சின் பெயர் வர வேண்டும் என்பது. தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து வருடக்கணக்காக நூற்றுக்கணக்கான எஞ்சின்களைச் சோதித்து வெளியிடும் ரேட்டிங் பட்டியல் அது. ஒவ்வொருவர் கணினியின் வேகமும் வேறு என்பதால் ஒரு பொதுக் கணினியை அளவாக வைத்து அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஆடவிடுகிறார்கள். பாண்டர் நிறுத்தி, பொதுவான ஓப்பனிங் ஃபைல் கொடுத்து. ஸ்வீடனில் 1984-இலிருந்து எஸ்எஸ்டிஎஃப் வெளியிட்டு வந்த பட்டியல் இதற்கெல்லாம் மூத்தது, அப்போது தனித்தனி செஸ் கணினிப் பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் நகர்வை மற்றொன்றில் மனிதக் கையால் ஆடிக் காட்டிச் சோதித்தார்கள். இப்படி இலவசமாக நேரம் கொடுப்பவர்களிடம் அரைகுறையாக ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. தம்பியிடம் நான் சொன்னவை இவைதான். எஞ்சின் தன் பெயரோடு வெர்ஷன் எண்ணையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எந்த ஃபைல் எது என்று சோதிப்பவருக்குத் தெரியாது. உங்கள் புதுக் கணினிக்கு மட்டும் பொருந்தும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளோடு தொகுத்ததை மட்டும் கொடுக்காதீர்கள், பழைய பிராசஸரில் திறந்த உடனே செத்துவிடும், எளிய வடிவம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஆயிரம் ஆட்டத்தில் ஒரு நேரத் தோல்விகூட, ஒரு செல்லாத நகர்வுகூட இல்லாமல் ஓடிக் காட்டிய பிறகுதான் அனுப்ப வேண்டும்.

அந்த ஆயிரம் போன வாரம் முடிந்தது, சுத்தமாக. அதே ஜி6 ராஜா, ஏ1 யானை நிலையையும் புது வெர்ஷனுக்குக் கொடுத்துப் பார்த்தேன். மதிப்பு 29,999, நகர்வு யானை ஏ8.

நேற்று இரவு தம்பி அடுத்த மாற்றத்தை அனுப்பினார், கடந்து போன சிப்பாய்களுக்கு, அதாவது முன்னால் தடுக்க எதிராளியின் சிப்பாய் இல்லாதவற்றுக்கு, மதிப்பு கூட்டுவது. இப்போது 1,140 ஆட்டம் ஆகியிருக்கிறது, எல்எல்ஆர் 0.83-இல் நிற்கிறது. “எவ்ளோ அண்ணா?” என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார்.